தண்ணீர் ஊற்றக் காத்திருந்தவள்

சுந்தரம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே இலங்கைத் தேயிலைத் தோட்டப்புறமான பலாபத்வலையில் குடும்பம் நடத்தியவள். வெள்ளிக்கிழமை தோறும் அவள் கணவன் நல்லையா கடைவீதிக்குப் போய் அவளுடைய போனுக்காகக் காத்து நிற்பான். கூரைத் தகரம் மாற்றுவது முதல் கோழிக்குஞ்சு வாங்குவது வரை எல்லாம் அவள் வாயால்தான் நடக்கும். மகள் புஷ்பவதி கொழுந்துக் கூடை தூக்கக் கூடாது, படித்து டீச்சராக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடம் கடல் தாண்டிக் கிடந்தாள்.

தொண்ணூற்றாறு அக்டோபரில் புஷ்பவதி பெரியவளானாள். டிசம்பரில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை.

"நான் வராம எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்திறாதீங்க. அடுத்த மாசம் லீவு தாறேன்னு மேடம் சொல்லிட்டாங்க" என்று சுந்தரம்மா போனிலேயே அழுதாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். புஷ்பவதி காம்பரா அறையின் மூலையில், சேலை மறைப்புக்குள், புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் மேடத்தின் தங்கைக்குப் பிரசவம். லீவு தள்ளிப்போயிற்று. பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு தேடி வந்து சத்தம் போட்டார். நல்லையா போனில் மெல்ல ஆரம்பித்தான்.

"பரீட்சை வருது. ஒன் அண்ணன் சம்சாரம் ஊத்தட்டுமே?"

"பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன்ல? இன்னும் ஒரு வாரம் பொறுங்க."

அந்த வாரமும் போனது, பரீட்சையும் போனது. ஊற்றுங்கள் என்று அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை, அவள் சொல்லாமல் ஊற்ற இவனுக்குத் தைரியம் வரவில்லை. இதைச் சொல்லும் எனக்கு இரண்டு பேர் மேலும்தான் கோபம்.

ஜனவரியில் இரண்டு மாத லீவில் வந்தாள். யுத்த காலச் சோதனைச் சாவடிதோறும் பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டி வீடு சேர்ந்தாள். பெட்டியில் பட்டுப் பாவாடையோடு, பரீட்சைக்குக் கட்டிக்கொண்டு போக வாங்கிய கைக்கடிகாரமும் இருந்தது. அதைக் கையில் எடுத்தாள்.

"யாருக்காகப் போனேனோ அவ படிப்ப நானே கெடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

சடங்கன்று முதல் குடம் அவள்தான் ஊற்றினாள். ஆசைப்பட்டபடியே கண்ணாரப் பார்த்துக்கொண்டு ஊற்றினாள்.

"அடுத்த டிசம்பர்ல எழுதிரலாம், கண்ணு" என்றாள்.

புஷ்பவதி முகத்தில் வழிந்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்தாள். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அதுக்கும் நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமாம்மா?"