சில்லுக்கு அடியில் வைத்த தேசிக்காய்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்களாகிவிட்டன. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் விரதம் இருக்கும்போது, இந்த முறை எழுதிவிடுவேன் என்று முருகனுக்குச் சொல்வேன். பாறணை முடிந்து சோறு வயிற்றுக்குள் போனதும் துணிவு போய்விடும். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டு, சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு கார்டெரியின் சமையலறையில் வேலைக்குப் போனவள். தமிழ் எழுதப் பழகியது கோயிலில் நடந்த சனிக்கிழமை வகுப்பில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்தில் மட்டும் பிழை இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான மாமி, மாமியின் மகளான மச்சாள். மச்சாளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. அவளும் மாமியும் ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மச்சாளின் அப்பா வரவில்லை. அவர் பேந்து வருவார் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

எங்கள் வீட்டில் பேந்து என்றால் பிறகு என்று அர்த்தம். சில நேரம் இல்லை என்றும் அர்த்தம். சைக்கிள் பேந்து வாங்குவம் என்று அம்மா சொன்னால் சைக்கிள் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அர்த்தத்தை மச்சாளின் அப்பாவுக்கும் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. மச்சாள் வந்த நாளிலிருந்து என் கட்டிலில் பாதி அவளுடையது. பொரித்த மீனின் நடுத்துண்டு அவளுடையது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமும் அவளுடையது. எனக்குச் சிறிதாகிப்போன நீலச் சட்டையை அவளுக்குக் கொடுத்தார்கள். என்னைவிட மூத்தவளாக இருந்தும் அது அவளுக்கு அளவாக இருந்தது, அவ்வளவு மெலிவு. அதைப் போட்டுக்கொண்டு அவள் என்னைவிட அழகாக இருந்தாள், அதை நான் மன்னிக்கவில்லை. கோயிலில் தீபம் காட்டும்போது அப்பா அவளைத்தான் முன்னால் விடுவார். நான் முருகனைக் கும்பிட்டேனா, அவள் முதுகை முறைத்தேனா என்பது முருகனுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் நாங்கள் ஒரு காம்பிங் இடத்துக்குப் போகத் தொடங்கினோம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. கூட வேலை செய்த ஒருவர் சொல்லி, நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த அந்த இடம் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் பழைய பண்ணை அது. முசியே என்று நாங்கள் கூப்பிட்ட கிழவர், அவருடைய மனைவி மதாம், இரண்டு மகன்மார், மருமகள்மார், எல்லாரும் சேர்ந்து நடத்தினார்கள். ஒரு மருமகள் வாசலில் பெயர் பதிவாள். அவளே பின்னேரம் கழிவறை கழுவுவாள். இருபது வருடமாக ஒரே மரத்தடிக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். வண்டிவீட்டுக்கு முன்னால் பூச்சட்டி வைத்து, வாசலில் தங்கள் பெயரை மரப்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். சனிக்கிழமைகளில் நீள மேசை போட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். முதல் வாரம் எங்கள் ஆட்டிறைச்சிக் கறியைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள், மூன்றாம் வாரம் கோப்பையோடு வந்து நின்றார்கள். மதாம் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு மெர்சி சொல்லுவார்.

முசியேயிடம் பழைய டிராக்டர்கள் ஒன்பது இருந்தன. தகப்பன் உழுதது, மாமனார் உழுதது, பக்கத்துப் பண்ணைக்காரன் செத்தபின் அவன் பெண்சாதி கொடுத்தது. எட்டு ஓடும். சிவப்பு ஒன்று மட்டும் பதினொரு வருடமாக ஓடாமல் கொட்டிலில் நின்றது. அப்பா ஊரில் டிராக்டர் திருத்துகிற கராஜில் வேலை செய்தவர். கிளிநொச்சி வயல்களில் ஓடியதும் அதே சிவப்புத்தான் என்று சொல்லி, அன்றைக்கே கொட்டிலுக்குள் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சில் போன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். ஆனால் ஊரில் நாங்கள் டிராக்டரை மெசின் என்போம். முசியேயும் தன் பாஷையில் மஷின் என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு மாதம் கதைத்தார்கள்.

ஓகஸ்ட் நடுவில் அது ஓடியது. புகையைப் பார்த்துவிட்டு மதாம் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். முசியே அப்பாவைக் கட்டிப்பிடித்தார்.

ஒவ்வொரு கோடையும் கடைசிச் சனிக்கிழமை அங்கே டிராக்டர் ஊர்வலம். ஓடுகிறதெல்லாம் வரிசையாகக் காம்பிங்கைச் சுற்றி வரும். கதிரை போட்டு உட்கார்ந்து சனம் கைதட்டும். முடிந்தபின் பெரிய கிடாரத்தில் சோளம் அவித்துச் சாப்பிடுவார்கள். ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பின்சில்லுக்கு மேலே சக்கரத்தை மூடுகிற மட்காட்டில் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். இப்போது யாரும் அதற்கு விடமாட்டார்கள். அப்போது அது பெரிய மரியாதை. திருத்தியவரே சிவப்பை ஓட்ட வேண்டும் என்று முசியே சொல்லிவிட்டார்.

மட்காட்டில் ஏறப்போவது நான்தான் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன சட்டை போடுவது என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா, மச்சாளைத்தான் ஏற்றப்போவதாக அம்மாவிடம் சொன்னார். நான் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்பா பின்னால் வந்தார்.

"பிள்ளை, இந்தமுறை அவள் ஏறட்டும். அவளுக்கு இது வேணும்."

"எனக்கும்தான் வேணும்."

"உன்னைப் பேந்து ஏத்துறன்."

பேந்து. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை அம்மா குளித்து முழுகி, கொண்டுவந்த சாமான்களை எடுத்தார். ஊரில் புது வாகனம் எடுத்தால் செய்கிற மாதிரியே மெசினுக்கும் செய்தோம். முன்பக்கத்தில் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அப்பா தேங்காய் உடைத்தார். பிறகு முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னால் தேசிக்காய் (எலுமிச்சைதான்) ஒவ்வொன்று வைத்தார். இது எதற்கு என்று மதாம் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். கண்ணுக்கு என்றேன். கண்ணூறு என்கிற திருஷ்டிக்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. மதாம் தலையாட்டிவிட்டு, தனக்கும் பார்வை மங்குகிறது என்றார்.

பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன், உண்மையாகவே அது எதற்கு என்று.

"எரிச்சல் பிடிச்ச கண் ஏதும் பட்டிருந்தால், தேசிக்காயோட அதுவும் நசிஞ்சு போகட்டும் எண்டுதான்" என்றார் அம்மா, கற்பூரத் தட்டைத் துடைத்தபடி.

கண்ணூறு நசியும் என்றுதான் அம்மா சொன்னார். நான் கண் நசியும் என்று விளங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் எரிச்சல் பிடித்த கண் யாருடையது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு கண். இரண்டு தேசிக்காய். அப்பா எண்ணித்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எல்லாரும் முசியேயின் பேச்சைக் கேட்கக் கொட்டில் வாசலுக்குப் போனார்கள். மச்சாளை ஏற்கெனவே இடப்பக்க மட்காட்டில் இருத்தி, இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் நீலச் சட்டையோடு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூர எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து போய், ஒரு தேசிக்காயை எடுத்தேன். மற்றப் பக்கம் தவழ்ந்து போய் மற்றதையும் எடுத்தேன். இரண்டையும் மழைச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சனத்துக்குள் போய் நின்றேன். என் கண் தப்பியது என்ற நிம்மதி. அவளுடைய ஊர்வலத்துக்குச் சாமியின் காவல் இல்லை என்ற சந்தோஷமும் அதற்குள் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அப்பா ஏறினார். மெசின் மெல்ல நகர்ந்தது. சில்லு தேசிக்காயில் ஏறினால் ஒரு சின்னச் சத்தம் வரும், சீட்டில் இருக்கிறவருக்கும் அது தெரியும். அப்பா அதற்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனார். வரவில்லை. சில்லைப் பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் சரிந்தபடியே பிறேக்கை மிதித்தார்.

அந்தக் காலத்து மெசினுக்கு வலச்சில்லுக்கு ஒரு பிறேக், இடச்சில்லுக்கு ஒரு பிறேக். இரண்டையும் சேர்த்து மிதித்தால் நிற்கும். ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும். சரிந்திருந்த அப்பாவின் கால் ஒன்றில்தான் பட்டது. மெசின் வலப்பக்கம் சுழன்றது. இடப்பக்கம் இருந்த மச்சாள் புல்லில் போய் விழுந்தாள்.

விழும்போது அவள் கத்தினாள். "அப்பா."

என் அப்பா மெசினை நிறுத்திவிட்டுக் குதித்தார். "வாறன் குஞ்சு, வாறன்" என்று ஓடினார். குஞ்சு என்று அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

எல்லாரும் பதறிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் அசையாமல் நின்றேன். பயத்தால் அல்ல. கட்டில், மீன், ஜன்னல், மட்காட், எல்லாவற்றையும் எடுத்தவள் கடைசியில் என் அப்பாவையும் எடுத்துவிட்டாள் என்று எனக்குள் எரிந்தது. அவருக்கு அவள் மருமகள். மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும்?

இடக்கை முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு, மறுநாள் மத்தியானம் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா கதிரையில் தலை குனிந்து இருந்தார். தேசிக்காயைக் காணவில்லை என்று ஒரு முறை சொன்னார். அணில் கொண்டுபோயிருக்கும் என்றார் மதாம். அது இருந்திருந்தால் இப்படி வந்திராது என்று அம்மா தொடங்கினார். அப்போது மச்சாள் சொன்னாள்.

"மாமாவில பிழை இல்லை. நான்தான் கம்பியை விட்டிட்டுக் கையாட்டினனான்."

மாமி எழுந்து வந்து அவளுடைய நல்ல கையில் ஒரு அடி வைத்தார். "அவையின்ர வீட்டில ஒண்டி இருக்கிறம். அடங்கி இருக்கத் தெரியாதே உனக்கு? இவ்வளவு சனத்துக்கு முன்னால மாமாவைத் தலைகுனிய வைச்சிட்டாய்."

மச்சாள் அழவில்லை. அவள் கையாட்டவில்லை என்று எனக்குத் தெரியும், நான் கண் எடுக்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவர்கள் தேத்தண்ணீர் ஊற்றப் போனபோது அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"உன்ர கை தேசிக்காய் மணக்குது. கழுவிப்போட்டு வா. உன்ர அம்மா மணந்தா பிடிபட்டிடுவாய்."

இரவெல்லாம் பைக்குள் கையை விட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். போய்க் குழாயடி மேப்பிள் மரத்துக்குக் கீழே கையால் தோண்டிப் புதைத்தேன். நசியாதபடி மெதுவாகத்தான் புதைத்தேன், என் கண்களல்லவா.

அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அப்போது யோசித்தேன். என்னைப் பார்த்தால் அவளுக்குப் பயம் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டேன். வீட்டுப் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிட்டு அந்த வீட்டிலேயே ஒண்டி இருக்க முடியாது என்பதைப் பதினொரு வயதில் ஒருத்தி தெரிந்துவைத்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகும் பல கோடைகள் அங்கே போனோம். அப்பா டிராக்டர்களைத் திருத்திக் கொடுப்பார், ஓட்டமாட்டார். முசியே எத்தனை முறை கூப்பிட்டும் ஏறவில்லை. என்னைப் பேந்து ஏற்றுகிறேன் என்றது நடக்கவேயில்லை. தன் கையால் ஒரு பிள்ளை விழுந்தாள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்திருந்தால் அவர் திரும்ப ஏறியிருப்பார். திறக்கவில்லை. அவர் காலமாகி ஆறு வருடம்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, வேறெதையோ கதைத்துக்கொண்டிருக்கையில் மாமி சொன்னார். சண்டையில் இடம்பெயர்ந்து போகும்போது மச்சாளின் அப்பா ஒரு சிவப்பு மெசினில் இழுவைப்பெட்டி பூட்டிச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனார். மச்சாள் அவர் பக்கத்தில் மட்காட்டில் இருந்தாள். வழியில் மறித்து, அவரை மட்டும் இறங்கச் சொன்னார்கள். மெசினை வேறொருவர் ஓட்டினார். மச்சாள் மட்காட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளாம். அவர் பேந்து வருவதாகச் சொன்னாராம்.

போன மாதம் ரொறன்ரோவில் மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. பந்தியில் இந்தக் கதையை எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இது சிரிப்புக் கதை. மச்சாள் ராணி மாதிரிக் கையாட்டப் போய் விழுந்தாள், விழும்போது மாமா என்று கத்தினாள், அப்படித்தான் சொல்லுவார்கள். மச்சாளே சிரித்துக்கொண்டு, "ஓம், மாமா எண்டு கத்தினனான், மெசின் சத்தத்தில அவருக்குக் கேக்கேல்லை" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் என் இலையில் வடை ஒன்று வைத்தாள். நான் கை கழுவப் போய் அங்கேயே நின்று அழுதேன். மொன்றியல் திரும்பியதும் விளக்கேற்றிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது தேசிக்காயை அணிலிடம் கொடுத்துவிடாதீர்கள். சின்னப்பிள்ளைதானே என்று எனக்காக எதையும் குறைக்காதீர்கள். எதை மறந்தாலும், அவள் புல்லில் விழும்போது கத்தியதை மாற்றிவிடாதீர்கள். மாமா என்று அல்ல, அப்பா என்று. அதை என் அப்பாவைக் கூப்பிட்டதாக நினைத்து நான் நின்ற இடத்திலேயே நின்றேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.