லிபி ஹவெல்கா சொல்லாத பதில்

எங்கள் ஊரின் நினைவு நாள் ஊர்வலம் தேவாலய வாசலில் கிளம்பிக் கல்லறைத் தோட்டத்தில் முடியும். முன்னால் பள்ளிக்கூட பேண்டு, பிறகு தீயணைப்பு வண்டி, தொப்பி வைத்த பழைய சிப்பாய்கள், கடைசியில் நாங்கள், போரில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள். தோட்டத்தில் அந்தச் சிப்பாய்களில் ஒருவரான எட் குபிக், போரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தந்த வீட்டார் "வரமாட்டான்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, டிரம்மில் ஓர் அடி அடிக்கச் சொல்லி, அடுத்த பெயருக்குப் போவார். வீட்டில் யாரும் மிஞ்சாத பெயருக்குப் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்லலாம். செக் நாட்டிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு வந்து சோளம் போட்ட எங்கள் தாத்தாக்கள் காலத்து வழக்கம் இது.

லிபி ஹவெல்கா மட்டும் அந்தப் பதிலைச் சொன்னதே இல்லை.

அவள் மகன் எமில் போன ஹெலிகாப்டர், வியட்நாம் போரின்போது லாவோஸ் காட்டில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. சில வருடம் பொறுத்து அரசாங்கம் அவனை இறந்தவன் என்று அறிவித்தது. ஊரும் அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. "பேர வேணா கூப்பிட்டுக்கோங்க. என் வாயிலேருந்து ஒண்ணும் வராது" என்று லிபி சொல்லிவிட்டாள்.

பள்ளிச் சமையலறையில் அவள்தான் பரிமாறுவாள். உருளைக்கிழங்கு மசியலைக் கரண்டியை உதறி உதறிப் போடுவாள், கஞ்சப் பிசினாரி. மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்குப் போய்த் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. அவள் கணவர் ஃபிராங்க் லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து தனியாகச் செத்தார். "எமில் கூப்பிட்டா யாரு எடுக்கறது?" என்றாள். ஃபிராங்கின் தங்கை அதற்குப் பிறகு அவள் முகத்திலேயே விழிக்கவில்லை. எனக்கும் அது ஆறவில்லை.

எனக்கு வேறு கோபமும் இருந்தது. பட்டியலில் ஹவெல்காவுக்கு அடுத்த பெயர் ஹ்ரூபி, என் அண்ணன் ஸ்டான். எமில் பெயரை மூன்று முறை கூப்பிட்டு முடிக்கும்வரை, அடுத்து தன் முறை வரப்போகிறதே என்று என் அம்மா கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். வருடா வருடம் அந்தச் சித்திரவதை. ஒரு வருடம் ஊர்வலம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, நான் லிபியிடம் நேராகவே போனேன்.

"எங்கம்மா மொத வருஷமே சொல்லிட்டா. உங்க புள்ள மட்டும் என்ன ஒசத்தியா?"

"உங்கம்மாவுக்குப் புள்ளையோட பெட்டி வந்துச்சு. எனக்கு என்னடா வந்துச்சு?"



பல வருடம் கழித்து லிபிக்கும் பெட்டி வந்தபோது என் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். லிபிக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. ஹெலிகாப்டர் விழுந்த இடத்தை ராணுவம் தோண்டியதில் ஒரு பல் கிடைத்ததாம், எமிலின் பல்தானாம். பெட்டியைப் பார்க்க அவளைக் காரில் கூட்டிப்போக வேறு ஆள் இல்லாமல் நான்தான் போனேன். ஆள் படுக்கிற அளவுக்குப் பெட்டி. உள்ளே கம்பளி விரித்து, அதன் மேல் புத்தம் புதிய சீருடை. பல்லைக் கம்பளியின் மடிப்புக்குள் வைத்து ஊக்குக் குத்தியிருந்தார்கள்.

லிபி சீருடையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டாள்:

"இவ்ளோ பெரிய பெட்டி எதுக்குப்பா?"

  அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அதே மாதக் கடைசியில் ஊர்வலம். அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். துக்கம் பாதி, வேடிக்கை பாதி. "இன்னிக்காவது கெழவி வாயத் தொறக்குமா?" என்று எனக்குப் பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். திரும்பி முறைத்தேன்.

"எமில் ஹவெல்கா."

லிபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எமில் ஹவெல்கா."

அவள் தாடை ஆடியது. சத்தம் வரவில்லை. எட் மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவரது குரலே உடைந்திருந்தது. டிரம் அடிக்கிற பெண் குச்சியைத் தூக்கிவிட்டாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் நிற்பவன் சொல்லலாம்தானே என்று,

"வரமாட்டான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை. லிபியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஒன்ன யாருடா கேட்டா? அவனுக்கு ஆள் இல்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

 அவள் என் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எட் குபிக்கைப் பார்த்தாள்.

"எட், மறுபடி கூப்பிடு."

"லிபி, மூணு தடவ ஆயிடுச்சும்மா…"

"கூப்பிடுன்னு சொல்றேன்ல."

எட் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்.

"வரமாட்டான்" என்றாள் லிபி.

எமில் பெயருக்கு முதல் முறையாக டிரம் அடிக்கவில்லை. அந்தப் பெண் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எட் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஸ்டானுக்கு நான் பதில் சொல்லும்போதும் லிபி என் சட்டையை விடவில்லை.