என் இடத்தில் பறந்தவர்

ஆகாய விமானம் எப்படி இருந்தது என்று, சிங்கப்பூர் போய்த் திரும்பிப் போத்தனூர் ரயிலடியில் இறங்கியதும் ஊர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "ஜம்முன்னு கெளம்புச்சுங்க" என்றேன். அதில் பொய் இல்லை. கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன். கீழே நின்று பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஓரிரு வருஷம் முந்தி. என் தங்கை சிங்கப்பூரில் இருந்தாள். கல்யாணம் முடிந்து கப்பலேற்றியபோது, "ரெண்டு வருசத்துல வாரேன் கண்ணு" என்று சொன்னவன், பஞ்சு மண்டி, வெள்ளாமை என்று சாக்குச் சொல்லியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். நடுவில் அம்மா இறந்துபோனாள். தங்கையால் வர முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழ வேண்டும். நான் புறப்பட்டதே அதற்காகத்தான்.

அதற்குப் புறப்பட்டவன் பேசாமல் போக வேண்டியதுதானே? நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் சிங்கப்பூருக்கே போகிறது. நானோ வழியில் பினாங்கில் இறங்கி, மலாய் நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பறக்கும் சிறிய விமானத்தில் வருவதாக அவளுக்குக் கடுதாசி போட்டேன். வேறென்ன, ஜம்பம். மதுக்கரை தாண்டினால் திசை தெரியாத ஆசாமிக்கு ஆகாயம் கேட்டது.

பினாங்கு விமான நிலையத்தில் என்னையும் பெட்டியையும் சேர்த்துத் தராசில் ஏற்றினார்கள். காலமெல்லாம் பஞ்சுப் பொதியை நிறுத்தவனுக்கு அன்றுதான் பொதியின் சங்கடம் புரிந்தது. எல்லோரையும் நிறுத்து முடித்த அதிகாரி, பாரம் மிஞ்சிவிட்டது, கடைசியாகச் சீட்டு வாங்கிய இருவரில் ஒருவர் நிற்க வேண்டும் என்றார். ஒருவன் நான். இன்னொருவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வியாபாரி. என்னைப்போலவே கோட்டு, வேட்டி, தலைப்பாகை, மீசை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிணத்துக்கடவில் பஸ் வந்து நின்று ஒரே இடம் காலி என்றால், "நீங்க ஏறுங்க", "அட, நீங்க ஏறுங்க" என்று மூன்று தரமாவது சொல்லிக்கொள்ளாமல் யாரும் படியில் கால் வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க போங்க, நான் பொறகு வாரேனுங்க."

"ரொம்ப உபகாரம்" என்று கும்பிட்டுவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

நான் இரண்டாம் தரம் சொல்லத் திறந்த வாயை மூடுவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். விட்டு வந்த கப்பலும் அதற்குள் போயிருந்தது. கோபம் கோபமாக வந்தது, அவர்மேல் அல்ல, என் நாக்கின்மேல். ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் குலுங்கிக்கொண்டு போய்ச் சிங்கப்பூரில் இறங்கினேன்.

தங்கை ரயிலடிக்கு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். நான் இந்த ரயிலில் வருவேன் என்று எப்படித் தெரியும் என்றேன்.

"அந்தப் பெரியவர் சொன்னாருங்கண்ணா."

முந்தின நாள் விமானத்திலிருந்து தலைப்பாகையோடு ஓர் ஆள் இறங்கியிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் அண்ணன் முகம் எப்படி மாறியிருக்குமோ என்று இவள் யோசிக்கவில்லை. ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்து, "அம்மா போயிட்டாங்களேண்ணா" என்று அழுதிருக்கிறாள். முகத்தையே நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அவரும் கையை உருவிக்கொள்ளவில்லையாம். இவள் அழுது ஓய்ந்த பிறகுதான், "உங்க அண்ணா பினாங்குல இருக்காரும்மா, எனக்கு இடம் குடுத்துட்டார். நாளைக்கு ரயில்ல வந்துடுவார்" என்றாராம்.

சொல்லிவிட்டுத் தங்கை என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வெச்சிருந்த அழுகையெல்லாம் நேத்தே அவருகிட்ட அழுதுபோட்டேனுங்கண்ணா. இன்னிக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது."

நான்தான் அழுதேன், அத்தனை பேர் போய்வருகிற ரயிலடியில். அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"கண்ணத் தொடைங்கண்ணா. ஊட்டுக்குப் போலாம்."