இரண்டு ஊருக்கு ஒரு பின் அச்சு

இந்த மலையில் காலையில் எழுந்ததும் லாரிக்குக் கணப்புப் போடவேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். லாரியின் பின் அச்சுக்குள் ஊற்றியிருக்கும் எண்ணெய் கருப்பட்டிப் பாகாக இறுகிவிடும். என்ன முறுக்கினாலும் வண்டி அசையாது. ஆகவே என் கூட்டாளி மார்த்தெலிஸ் பாஸ் தம் கொல்லுலையிலிருந்து ஒரு சட்டி தணல் அள்ளிவந்து அச்சுக்கு அடியில் வைப்பார். பெட்ரோல் தொட்டி முன்னால் இருக்கிறது என்றாலும் எனக்குப் பயம் போகாது. ஈரச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். எண்ணெய் இளகும்வரை இருவரும் குளிர் காய்ந்துகொண்டு தேநீர் குடிப்போம். என் ஊரான மணவாளக்குறிச்சியில் இதைச் சொன்னால், கடல் தாண்டியவன் பொய் சொல்லவும் படித்துவிட்டான் என்பார்கள். அங்கே இரும்புக்குப் பகை கடற்காற்று. புதிதாய் அடித்த கதவுக் கீல்கூட இரண்டு மழைக்காலத்துக்குள் துருவேறி உதிரும். இரும்புக்கும் குளிரும் என்பதை நான் இலங்கைக்கு வந்துதான் அறிந்தேன்.

பாஸ் என்பது அவர் பெயரல்ல. கைத்தொழில் தெரிந்த சிங்களவரை இங்கே மரியாதையாக அப்படி அழைப்பார்கள். மாத்தறைப் பக்கத்திலிருந்து மலைக்கு ஏறிவந்த கொல்லர் அவர், என்னைவிட மூத்தவர், என்னை ‘மல்லி’ என்பார். தம்பி என்று பொருள். வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய லாரியை வாங்கினோம். தேயிலைத் தொழிற்சாலை பள்ளத்தில் இருக்கிறது, நானு ஓயா ரயில் ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. தேயிலைப் பெட்டிகளை மேலே ஏற்றுவதும், திரும்பும்போது அரிசி மூட்டையும் உரமும் இறக்குவதும் எங்கள் பிழைப்பு. ஓட்டுவது நான், உடைந்ததை ஒட்டுவது அவர். லாரி வந்த பிறகு லாடம் அடிக்க அவருக்கு நேரமில்லை; அவரிடம் வந்த மாடுகளெல்லாம் கீழ்த்தெருக் கொல்லரிடம் போய்விட்டன.

நாங்கள் வாங்கியபோதே அந்த லாரியின் பின் அச்சில் பல் உடைந்திருந்தது. ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எஞ்சினிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் போகிறது. அதன் நுனியில் சிறிய பல்சக்கரம், பெயர் பினியன். அது பின் அச்சில் உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அதற்கு கிரவுன் என்று பெயர். இந்த ஜோடியை நமக்கு வேண்டியபடி வாங்கிப் போடலாம். ஒரு ஜோடியில் தண்டு ஐந்து சுற்றுச் சுற்றினால் லாரிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இன்னொரு ஜோடியில் தண்டு ஏழு சுற்றுச் சுற்றவேண்டும். முதலாவது வேகப் பல். சமதளத்தில் பறக்கும், பெட்ரோலும் மிச்சம். இரண்டாவது இழுவைப் பல். ஊர்ந்துதான் போகும், ஆனால் பாரத்தை விடாது. எஞ்சினின் பலம் இரண்டிலும் ஒன்றே. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று இப்போது எழுதுகிறேன். கொழும்பில் சாமான் கடைக்காரர் இரண்டு ஜோடிகளையும் மேசைமேல் எடுத்து வைத்தபோது என் புத்தி மாட்டுவண்டியிலேயே இருந்தது. என் தகப்பனார் கருமணல் வண்டி ஓட்டியவர். எங்கள் கடற்கரையில் வெள்ளைக்காரர் அள்ளிச் சலிக்கும் அந்த மணலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கில் கால்வாசிதான் நிரம்பியிருக்கும், தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். குளச்சல் துறைக்கு வண்டிகள் சாரைசாரையாகப் போகும். மேடு வந்தால் முன்வண்டி நிற்கும். பின்னால் வருகிறவர் தம் மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து அதற்கு முன்னால் கட்டுவார். நான்கு மாடும் சேர்ந்து அதை ஏற்றிவிட்டு, இறங்கி வந்து அடுத்த வண்டியை ஏற்றும். யாரும் கேட்டு வாங்குவதில்லை, நன்றி சொல்வதுமில்லை. “ஏலே, பாரத்தக் கொறச்சு ஏத்துன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியாச்சு” என்று ஏசிக்கொண்டேதான் கட்டுவார்கள். ஆகவே மேட்டுக்கு மருந்து மாடு என்பது என் எலும்பில் ஊறிய பாடம். எஞ்சின்தான் இத்தனை குதிரைப் பலம் என்கிறார்களே, பல் எதுவானால் என்ன என்று நினைத்தேன்.

மார்த்தெலிஸ் இழுவைப் பல்லைத் தொட்டு, “ஹெமின் போகும், ஆனா போகும்” என்றார். மெதுவாகப் போகும் என்கிறார். நான் வேகப் பல்லை எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், மாட்டுக் கணக்கு மட்டும் காரணமல்ல. என் மனைவி ஞானம்மாளின் அண்ணன் நாகர்கோவிலில் இருக்கிறார். “வண்டியோட வந்திருங்க, கன்னியாகுமரிக்கு பஸ்ஸு விடுவோம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் இங்கே ஓட்டுவது, மார்த்தெலிஸின் பங்கைத் தீர்ப்பது, லாரியைத் தூத்துக்குடிக்குக் கப்பலேற்றுவது, மேலே மரக்கூண்டு கட்டி பஸ் ஆக்குவது. இதுதான் திட்டம். சுசீந்திரம் தாண்டினால் இருபுறமும் வயல், நடுவில் தட்டையான சாலை. அந்தச் சாலைக்கு வேகப் பல்தான் பொருத்தம். கொழும்புக் கடையில் நின்றுகொண்டு நான் சுசீந்திரத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மார்த்தெலிஸ் மறுத்துப் பேசவில்லை. ரயிலில் திரும்பும்போது மட்டும், “கமட்ட கவததா யன்னே?” என்று கேட்டார். உன் கிராமத்துக்கு எப்போது போகிறாய் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. அந்த நாட்களில் சந்தையிலும் கூட்டங்களிலும் இந்தியாக்காரன் எப்போது போவான் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கூட்டாளியே கேட்டுவிட்டாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “போகும்போது சொல்லிட்டுப் போறேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்.

கடல் தாண்டிய நம்மவர் எல்லாருக்கும் இந்த நோய் உண்டு. காலடியில் இருப்பது ஒரு மண், கணக்குப் போடுவது இன்னொரு மண்ணுக்கு. என் வீட்டிலேயே பாருங்கள். ஞானம்மாள் கொழும்பிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டுகளை வாங்கி, ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி அடுக்கி வைத்திருந்தாள். உள்ளே ஈயத் தகடு ஒட்டிய பெட்டி, ஈரம் புகாது. ஊரில் வீடு கட்டிப் பால் காய்ச்சும் அன்று எடுக்க வேண்டுமாம். நாங்கள் சாப்பிட்டது நசுங்கிய தகரத் தட்டில். வருஷத்துக்கு ஒருமுறை பீங்கானை எடுத்துத் துடைத்து, திரும்ப உள்ளே வைப்பாள்.

வேகப் பல்லோடு இரண்டு வருஷத்துக்கு மேல் எப்படியோ ஓட்டினோம். பாரத்தைக் குறைத்து, நடை கூட்டி, மூச்சு வாங்கி வாங்கி ஏறினோம். அப்புறம் தேயிலை விலை விழுந்தது. தொழிற்சாலைத் துரை செலவைக் குறைக்கப் புறப்பட்டார். இனிமேல் லாரிக்குப் பின்னால் ஒரு டிரெயிலரையும் கோத்து, இரண்டு நடையை ஒரே நடையாகக் கொண்டுபோக வேண்டும். முடியாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை என்றார். அதே சமயம் நாகர்கோவிலிலிருந்து மைத்துனர், சித்திரைக்குள் வராவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பினார். சித்திரைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரை வேலை கையில் இருந்தால்தான் மார்த்தெலிஸின் பங்கைத் தீர்த்து வண்டியைக் கப்பலேற்ற முடியும். இந்தப் பல்லோடேயே டிரெயிலரை இழுத்துக் காட்டிவிடலாம் என்று வீம்பாகக் கிளம்பினேன்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நேராக ஏறும்போது கிடைக்கும் வேகம் அங்கே திரும்பும்போது செத்துவிடும். முதல் கியரில் போட்டேன். எஞ்சின் இருமியது, அழுதது, நின்றது. பிரேக்கை மிதித்தும் லாரி பின்னால் வழுக்கியது. டிரெயிலர் குறுக்கே மடிந்து பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் உட்கார்ந்து வந்த மார்த்தெலிஸ் குதித்து முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டிராவிட்டால் இதை எழுத நான் இல்லை. டிரெயிலரின் ஒரு சக்கரம் சாலை விளிம்பில், ஈரப் புல்லின்மேல் நின்றுகொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நானும் இறங்கினேன்.

அப்படி நிற்கையில் என் கண் தானாகவே கீழ்ச் சாலையைப் பார்த்தது. பின்னால் வருகிறவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருவான் என்ற பழக்கம். லாரிகள் வந்தன. ஹாரன் அடித்துக்கொண்டு, எங்களை உரசாமல் ஒதுங்கி, மேலே போய்விட்டன. ஒருவன் நம் திருநெல்வேலிக்காரன், கையைக்கூட ஆட்டினான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு யோசித்தால் அவர்கள்மேலும் குற்றமில்லை. பாரத்தோடு அந்த ஏற்றத்தில் நிறுத்தியவன் மறுபடி கிளம்ப முடியாது. இந்த மேட்டில் யாரும் யாருக்கும் மாடு கட்ட முடியாது. துணைமாட்டை அவனவன் தன் பின் அச்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரவேண்டும்.

டிரெயிலர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ஓரத்தில் அடுக்கினோம். அடுக்கி முடித்துச் சாலை ஓரத்தில் உட்கார்ந்தபோது மார்த்தெலிஸ் தம் உடைந்த தமிழில் சொன்னார்: “மல்லி, நீ ஊருக்கு போறது சரி. வண்டியும் போகும். நான் என்னா செய்றது? மாடு எல்லாம் மத்த ஆள்கிட்ட போயிட்டுது. அதுதான் அன்னிக்கி கேட்டது, எப்ப போற சொல்லி. முன்னமே தெரிஞ்சா லாட வேலையை திரும்ப பிடிக்கலாம்.”

அவர் குரலில் கோபமில்லை. மழை எப்போது வரும் என்று கேட்பதுபோல் கேட்டார். இரண்டு வருஷமாக நான் வஞ்சகம் என்று மனதில் வைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. எனக்கு வெட்கமாக இருந்தது. “சாப்பிட வீட்டுக்கு வாங்க பாஸ்” என்றேன்.

காலி டிரெயிலரைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு, லாரியைத் தனியாக மேலே கொண்டுபோய், திரும்பி வந்து, மிச்சப் பெட்டிகளை ஏற்றி இறக்கி வீடு போய்ச் சேர்ந்தோம். மார்த்தெலிஸ் முற்றத்துக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். ஞானம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். டிரெயிலர் விளிம்பில் நின்றதைச் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

“கேட்டியளா, வண்டி இஞ்ச ஓடுதா, அங்க ஓடுதா?” என்றாள்.

“இங்கதான். ஏட்டி, இழுவைப் பல்லப் போட்டா அங்க அது ஓடாது. பஸ்ஸுக்கு ஆகாது. ஒனக்கு ஊருக்கு போவாண்டாமா?”

“போவாண்டாம்னு நான் எப்பம் சொன்னேன்? போவணும். அதுக்கு நீங்க இருக்கணும்லா? அண்ணன் பஸ்ஸு விடட்டும். அந்த மனுசனுக்க வயித்துல அடிச்சிற்று வண்டிய கொண்டு போனா, எனக்கு அதுல ஏறி இருக்க மனசு வருமா?”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வைக்கோல் சரசரக்கும் சத்தம் கேட்டது. பூப்போட்ட தட்டுகளைக் கழுவி எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள். அந்தத் தட்டுகளை வெளியே எடுத்ததற்கு என்ன அர்த்தம் என்று மார்த்தெலிஸுக்குத் தெரியாது. மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டு “ஹொந்தய்” என்றார், நன்றாயிருக்கிறது என்று. எனக்கோ மணவாளக்குறிச்சியில் இன்னும் கட்டாத வீட்டில் அன்றைக்கே பால் காய்ச்சி முடித்துவிட்டோம் என்று தோன்றியது.

மறுவாரம் கொழும்புக்குப் போய் இழுவைப் பல்லை வாங்கி வந்தோம். உலைக்குப் பக்கத்தில் பின் அச்சைப் பிரித்து, மார்த்தெலிஸே அதைப் பொருத்தினார். இப்போது டிரெயிலரோடு அந்த வளைவில் ஏறுகிறேன். எஞ்சின் காது கிழியக் கத்துகிறது, சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போகிறான், பெட்ரோல் தண்ணீராகச் செலவாகிறது. ஆனால் ஏறுகிறது. இறங்கும்போதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை நம்பி ஜெபம் பண்ணிக்கொண்டு இறங்கவேண்டியதில்லை. சித்திரை வந்து போயிற்று. மைத்துனர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு பஸ் விட்டுவிட்டார், நன்றாக ஓடுகிறதாம். கேள்விப்பட்ட அன்று நான் லாரியை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கழற்றிய வேகப் பல்லை என்ன செய்வது என்று மார்த்தெலிஸ் கேட்டார். விற்கலாம், பழுதில்லாதது. நான் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். தட்டுகள் வெளியே வந்துவிட்டதால் தேயிலைப் பெட்டி காலியாக இருந்தது. பல் ஜோடிக்குக் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, அதே வைக்கோலுக்குள் வைத்தேன். ஞானம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டுகளைத் துடைத்ததுபோல இப்போது நான் வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துத் துடைத்து, கிரீஸ் பூசி, திரும்ப வைக்கிறேன்.

போன வாரமும் வைத்தேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. “மூடிய நல்லா இறுக்கி அடைங்க. கடக்காத்து பட்டா துரு பிடிச்சிரும்.”

வெளியே புல்லின்மேல் உறைபனி கிடந்தது. இந்த மலை உச்சிக்குக் கடற்காற்று எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. மூடியை இறுக்கி அடைத்தேன்.