பல் பிடுங்கிய அன்று அடைத்த தொண்டை

திருவொற்றியூரில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியில் உதடு தடித்தது. மரப்பு ஊசியின் வேலை என்று நினைத்தேன். சற்று நேரத்தில் எச்சில் விழுங்கவே முடியவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ அசையவில்லை; இறங்கலாம் என்றால் பக்கத்திலேயே லாரிச் சக்கரம். கத்த நினைத்தாலும் குரல் எழவில்லை.

அருகில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பதறினார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வீங்கிக்கினே போவுது? இங்கயே குந்திக்கினு இருந்தா ஆவாது, எறங்கு!" என்று என் கையைப் பிடித்து, லாரிகளின் சந்து வழியே நடத்திப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அலர்ஜி ஊசி போட்டும் வீக்கம் கேட்கவில்லை. தொண்டையில் குழாய் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. பிளாஸ்மா ஏற்றியதும் மெல்ல வடிந்தது.

ரத்தப் பரிசோதனைக்குப் பின் டாக்டர் விளக்கினார். "ரத்தத்துல சி1 இன்ஹிபிட்டர்னு ஒரு புரதம் இருக்கும்மா. எலிப்பொறி மாதிரி அதுல ஒரு வளைவு நீட்டிக்கிட்டிருக்கும். நோயை எதிர்க்கக் கிளம்புற என்சைம் அளவு மீறாம, அதைப் பிடிச்சு அடக்கும். உங்களுக்கு அது பிறவியிலேயே கம்மி; அதனாலதான் பல் பிடுங்கின காயத்துக்கே இப்படி வீங்கிடுச்சு, பிளாஸ்மால அந்தப் புரதம் இருக்கறதால வடிஞ்சுது. வீட்ல வேற யாருக்காவது இப்படி வீங்குமா?"

என் மகளுக்கு அவ்வப்போது கை வீங்கும். பூச்சிக்கடி என்றே விட்டிருந்தேன். பரிசோதித்தால் அவளுக்கும் இதே குறைதான்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் இருவரும் முதலில் இதைத்தான் சொல்கிறோம். எனக்கு இன்னொரு சொத்தைப் பல் இருக்கிறது. முன்கூட்டியே அந்தப் புரத மருந்தை ஏற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதைப் பிடுங்கப்போகிறேன்.