சப்பரச் சக்கரத்தடியில் கிடைத்த விடை

பட்டியலில் என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். இல்லை. 1963ஆம் வருஷம் ஜூன் மாதம், பம்பாயில் பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வில் நான் தோற்ற கதை இது. கணக்கும் கெமிஸ்ட்ரியும் கைகொடுத்தன. பிசிக்ஸ் காலை வாரிவிட்டது. அதிலும் விசை, இயக்க விதிகள் என்ற அந்த ஒரு பகுதி.

முருகன் அடியார்களே, உங்களுக்கு அலுப்பில்லாமல் சொல்ல முயல்கிறேன். நகரும் பொருளின் மேல் எந்தெந்த விசை செயல்படுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். நான் எல்லாப் படத்திலும் பொருள் போகும் திசையில் ஓர் அம்பைக் கூடுதலாகப் போடுவேன். பிறகு விடை எப்படிச் சரியாக வரும்? வாத்தியார் இங்கிலீஷில் எத்தனையோ தடவை சொன்னார். மண்டையில் ஏறவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். தள்ளாமல் எங்கள் சந்தில் எதுவும் நகர்ந்ததில்லை. கைவண்டியை விட்டால் அங்கேயே நின்றுவிடும். ஓடுகிற பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் உடம்பே நம்பியது.

அப்பா மில் தொழிலாளி. அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

“லே, இன்னொரு மட்டம் எழுது. அதுவும் ஆவலைன்னா என்கூட மில்லுக்கு வந்துரணும். சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

மில் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்பா இருமுகிற இருமலைக் கேட்டு வளர்ந்தவன். அந்தப் பஞ்சுத் தூசிக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு முருகனிடம் ஓடினேன். செவ்வாய்க்கிழமை விரதம், நூற்றெட்டுச் சுற்று, வெறுந்தரையில் படுக்கை. ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. 1964 பங்குனியில் மாதிரித் தேர்வு ஒன்று எழுதினேன். பத்துக் கணக்கில் ஒன்பது தப்பு. ஒன்பதிலும் அதே கூடுதல் அம்பு.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று முருகனிடமே சொல்லிவிட்டுப் புத்தகங்களைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் பங்குனி உத்திரம். எங்கள் சின்ன முருகன் கோயிலில் சக்கரம் வைத்த மரச் சப்பரம் ஒன்று உண்டு. சாயங்காலம் அம்மா வந்து நின்றாள்.

“எய்யா, முட்டுக்கட்டை போடுறவனுக்குக் காய்ச்சலாம். சக்கரத்துக்கு ஆளில்லாம சாமி நிக்கிறாரு. ஒனக்கும் அவருக்கும் உள்ள சண்டைய நாளைக்கு வச்சுக்கோ.”

முணுமுணுத்துக்கொண்டே போனேன். சாமிக்காகப் போகவில்லை. அம்மா முகத்துக்காகப் போனேன்.

எப்போதும் சந்துக்குள்ளேயே சுற்றும் சப்பரம் அந்த வருஷம் முதல் தடவையாகப் பெரிய ரோட்டுக்கு வந்தது. புதிதாகத் தார் போட்ட சமதளமான ரோடு. முன்னால் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அம்மாவும் குடத்தோடு அவர்களில் இருந்தாள். திடீரென்று முக்கில் ஒரு லாரி திரும்பியது.

“வடத்த விடுங்கலே!” என்று முன்னால் நின்றவர் கத்தினார்.

சந்துக்குள் பழகியபடி எல்லோரும் வடத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். லாரி ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது. மேடும் பள்ளமுமான சந்தில் வடத்தை விட்டால் சப்பரம் அந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் இங்கே நிற்கவில்லை. இழுக்க ஒருவர்கூட இல்லாமல் உருண்டுகொண்டே வந்தது. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

“ஹட்டோ, ஹட்டோ!” என்று யாரோ விலகச் சொல்லி இந்தியில் அலறினார்கள். எனக்கு உயிர் வந்தது. முருகா என்று கத்திக்கொண்டு கட்டையைச் சக்கரத்தடியில் திணித்தேன். அம்மாவுக்கு ஒரு சாண் தூரத்தில் சப்பரம் நின்றது. ஆனால் அதன் மேலே இருந்த பூசாரியின் உடம்பு நிற்கவில்லை. முன்னால் சாய்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் தட்டிலிருந்த விபூதி அத்தனையும் பறந்து வந்து என் தலையிலும் அம்மா தலையிலும் கொட்டியது.

“ஏன்யா மரம் மாதிரி பாத்துட்டு நின்ன?” என்றாள் அம்மா, முகத்து விபூதியை வழித்துக்கொண்டே.

“எம்மா, ஆருமே இழுக்கலையே. பெறவு எப்படி வந்துச்சு?”

“ஓடிட்டு இருந்தது ஓடுது. ஒண்ணு வந்து நிறுத்துனாத்தான நிக்கும்?”

நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்க விசை வேண்டாம், நிறுத்தத்தான் விசை வேண்டும். சந்தில் கைவண்டியை நிறுத்தியது தரையின் உராய்வு. என் முருகன் ஒன்பது மாதப் பிரார்த்தனைக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டான். திட்டிவிட்டுப் போனவனைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் ஏறினேன். விபூதித் தலையோடு ஒன்பது படத்திலும் அந்தக் கூடுதல் அம்பை ரப்பரால் அழித்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்பதும் சரி.

மே மாதத் தேர்வில் ஒரு கேள்வி. சொரசொரப்பான தளத்தில் விநாடிக்குப் பதினாறு அடி வேகத்தில் தள்ளிவிட்ட கட்டை, உராய்வுக் கெழு கால், எவ்வளவு தூரம் போய் நிற்கும்? பழைய ஆளாக இருந்தால் முன்னோக்கி ஓர் அம்பு போட்டிருப்பேன். இந்த முறை பின்னோக்கி இழுக்கும் உராய்வை மட்டும் வைத்தேன். பதினாறு அடி என்று வந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நன்றி சொன்னேன். ஜூனில் பட்டியலில் என் பெயர் இருந்தது. அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பிறகு இன்ஜினியரானேன், பம்பாயிலேயே விக்ரோலியில் வேலை பார்த்தேன், பிள்ளைகளை ஆளாக்கினேன். எல்லாம் அவன் தந்தது. அம்மாவை அன்று எனக்குத் திருப்பித் தந்தவனும் அவன்தான்.

உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்து அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தால், நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் நிறுத்தியவன்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன். கோபத்தோடாவது போங்கள். கோயிலில் ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டால், முணுமுணுத்துக்கொண்டாவது போய் நில்லுங்கள். நான் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், முருகன் சொன்ன பதிலைக் கேட்க அங்கே நான் இருந்திருக்கமாட்டேன். அம்மாவும் இருந்திருக்கமாட்டாள்.