அவள் துடைத்த முகம்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. டச்சிங் அக்கா என்று கேட்டால் யாரும் ஸ்டுடியோவுக்கு வழி காட்டுவார்கள். கல்யாணப் படமோ, பாஸ்போர்ட் படமோ, செத்துப்போனவரைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டும் படமோ, எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். பருவும் தழும்பும் அவளுக்குப் பரம விரோதிகள். முகத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டால் போதும், டச்சிங் பண்ணி அதைத் துடைத்தெடுக்காமல் கை சும்மா இருக்காது.

படம் எடுப்பவர் அவளுடைய கணவர். அவர் எடுப்பார், இவள் முடிப்பாள். கல்யாணமான புதிதில் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் நின்று கற்றுக்கொண்ட வேலை அது. ஊசி போலச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை நிரப்புவாள். படத்தைத் தாளில் இறக்கும்போது வெளிச்சத்துக்குக் குறுக்கே விரலை ஆட்டிக் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை வெளுக்க வைப்பாள். விரலை எடுத்தால் அடுத்த தாளில் கருவளையம் பழையபடி வந்து நிற்கும். பென்சில் கோடு பிடிக்கவில்லையா, பஞ்சில் மருந்தைத் தொட்டுத் துடைத்தால் நெகட்டிவ் பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். என்ன செய்தாலும் அடியில் அசல் பத்திரமாக இருக்கும் என்று அவள் கை நம்பிப் பழகியது அங்கேதான்.

கம்ப்யூட்டர் வந்தபோது தொழில் தெரிந்த பலர் மூலையில் உட்கார்ந்து புலம்பினார்கள். இவள் புலம்பவில்லை. மருந்து நாற்றமில்லை, விரல் நுனி கறுக்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் முகத்தையே மாற்றலாம். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரே ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. படத்தைத் திருத்திச் சேமிக்கும்போது, பழசை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். இவள் யோசிக்காமல் சரி என்பாள்.

"வேற பேர்ல சேவ் பண்ணும்மா," என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஒரு மூஞ்சிக்கு எதுக்குடி ரெண்டு பேரு?"

கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அது கேட்டுவிட்டுத்தான் அழித்தது.

கணவருக்கு மறதி வந்தது. முதலில் வாடிக்கையாளர்களின் பெயர் போனது. பிறகு கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்பது போனது. ஒருநாள் பால் வாங்கப் போனவரை அடுத்த தெருக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். சட்டைப் பையில் படத்தோடு ஒரு அட்டை இருக்கட்டும் என்றார் டாக்டர். காலமெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு படம் கிடையாது, ஆதார் அட்டையில் இருந்ததும் முகம் தெரியாத கறுப்புத்தான். போனை நீட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலமாரி நிறைய நெகட்டிவ் இருந்தது, எல்லாம் ஊரார் முகம்.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து ஸ்டுடியோ கேமராவிலேயே ஒரு படம் எடுத்தாள். அதைத் திரையில் திறந்ததும் அக்காவுக்குப் பயம் பிடித்தது. பல் போய் ஒட்டிய கன்னம். இடது பக்கம் படர்ந்திருந்த கருந்திட்டு. எங்கேயோ தொலைந்துவிட்ட பார்வை. இந்த முகத்தையா அட்டையில் போடுவது? திட்டை எடுத்தாள். கன்னத்துக்குச் சதை வைத்தாள். முடியை அடர்த்தியாக்கினாள். வெறிச்சென்றிருந்த கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு வைத்தாள். அவளுக்குத் தெரிந்த மனுஷன் திரும்பி வந்து திரையில் உட்கார்ந்தார். வழக்கம்போல, சரி என்றாள். மறுநாள் கல்யாணத்தைப் படமெடுக்க வரும் பையனுக்காகக் கேமரா கார்டில் இருந்ததையும் அழித்துவைத்தாள்.

அவர் காணாமல் போன காலையில் அவள் ஒரு மணப்பெண்ணின் கழுத்திலிருந்த மருவை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசல் நாற்காலி காலியாக இருந்தது. அட்டை, ஆணியில் தொங்கிய சட்டையில் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் படத்தை வாங்கிய காவலர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க தம்பிங்களா?"

"இல்ல சார், வீட்டுக்காரர்."

"படம் எப்ப எடுத்தது?"

"போன மாசம்."

காவலர் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பார்வை அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. ராத்திரி பஸ் பிடித்து ஓடிவந்த மகள் படத்தை ஊரெல்லாம் அனுப்பினாள். அது போன் போனாகப் போனது. அய்யோ பாவம் என்று எல்லாரும் எழுதினார்கள். பார்த்தேன் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியக் கொட்டியது.

மழை விட்ட காலையில், நோட்டீஸ் ஒட்டப் போனவளை எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். தினமும் கணவரைப் பார்க்கிறவர்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வேற படம் இல்லையா? இதுல அவரு மாதிரியே தெரியலையே."

அவள் பசை வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அசலைத் தேடினார்கள். எங்கும் இல்லை. சரி, எடுத்ததைத் திரும்ப வைத்துவிடலாம் என்று திட்டை வரையத் தொடங்கினாள்.

"இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?" என்றாள் மகள்.

"இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"மூக்கு வரைக்கும் வந்துச்சாம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தவளுக்குத் தெரியவில்லை. ஊரார் முகத்தில் மரு எங்கே இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இவர் முகத்தில் திட்டு வந்த நாளிலிருந்து மனசுக்குள்ளேயே அதைத் துடைத்துவிட்டுத்தான் அவரைப் பார்த்திருக்கிறாள். கன்னத்தைக் குழித்தாள், அதிகமாகிவிட்டது. முடியைக் குறைத்தாள், வேறு யாரோ வந்து உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே வரைந்தாள். ஒருவழியாக, இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு கிழவர் தேறினார். மகள் அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஊருக்கு வெளியே இருக்கும் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர்.

"இப்ப ஒரு படம் வந்துச்சும்மா. இவரு இங்க வந்தாரு."

"எப்பங்க?"

"நேத்து. மழைக்கு முன்னாடி. மொத வந்த படம் எங்கிட்ட இருந்துச்சு. பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஒத்துவரல. பெரியவர்கிட்டயே காட்டி, இவரத் தெரியுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப நேரம் பாத்தாரு. தெரியலப்பான்னாரு. யாரோ நல்லா டச்சிங் பண்ணிருக்காங்கன்னாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். குடிச்சிட்டு பின்பக்கத்து ரோட்டுல நடந்து போயிட்டாரு. அவருதான்னு தெரிஞ்சிருந்தா புடிச்சு உக்கார வச்சிருப்பேம்மா."

போனை வைத்துவிட்டு எழுந்தவளின் கையை மகள் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா சொன்னாரு? எந்தப் பக்கம் போனாராம்?"

"அப்பாவப் பாத்தாராம்," என்றாள். பங்குக்குப் பின்னால் போகும் ரோடு, தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய கல்குவாரியோடு முடிந்துவிடுகிறது. அதை மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.